வினைலா, ஸ்கிரீன் பிரிண்டிங்கா? டி-ஷர்ட் ஆர்டர் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டி-ஷர்ட்டில் பெயரும் படமும் போட்டுக் கொடுக்கும் வேலையை வீட்டிலோ சின்னக் கடையிலோ தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் ஊரில் உங்களைத் தேடி வரப்போகும் ஆர்டர் எப்படிப்பட்டது என்பதை முதலில் யோசியுங்கள். கபடி டீமுக்குப் பன்னிரண்டு ஜெர்சியா? கல்லூரித் துறை விழாவுக்கு நூற்றைம்பதா? பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுவுக்கு நாற்பதா? பிறந்தநாளுக்கு ஒரே ஒன்றா? மெஷினை முடிவு செய்வது ஆர்டர்தான். மெஷினை வாங்கி வைத்துவிட்டு ஆர்டரை அதற்குள் திணிக்கப் பார்த்தால் கையைக் கடிக்கும்.

முதலில் இரண்டு முறைகளும் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

வினைல் என்பது வெப்பத்தில் துணியோடு ஒட்டும் மெல்லிய தாள். ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் பசை. தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். கட்டிங் மெஷினில் வடிவத்தை வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து எடுத்து, ஹீட் பிரஸில் (சூட்டோடு அழுத்தும் மெஷின்) அழுத்தினால் வேலை முடிந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் டிசைனை எடுத்து, அதன் வழியே மையை ஸ்க்யூஜியால் (பிடியுள்ள ரப்பர் பட்டை) தள்ளி அச்சடிக்கிறோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். ஆனால் பத்திரிகைக்குப் போடும் மையைத் துணிக்குப் போடக்கூடாது. காகிதத்துக்கான மை துணியில் விறைத்துக்கொண்டு, இரண்டு துவையலில் வெடித்துவிடும்.

படி 1: ஒரே டிசைன் எத்தனை பீஸ் என்று கேளுங்கள்

மொத்தம் எத்தனை டி-ஷர்ட் என்பதைவிட, ஒரே டிசைன் மாறாமல் எத்தனை முறை வருகிறது என்பதுதான் முக்கியம். நாற்பது டி-ஷர்ட், ஆனால் நாற்பதிலும் வேறு வேறு பெயர் என்றால் உங்களைப் பொறுத்தவரை அது நாற்பது தனித்தனி வேலை. ஒவ்வொரு பெயருக்கும் ஸ்கிரீன் எடுக்க முடியாது, அங்கே வினைல்தான். நாற்பதிலும் ஒரே படம் என்றால் ஸ்கிரீன் முன்னால் வந்து நிற்கும்.

வினைலில் செலவு ஒவ்வொரு பீஸுக்கும் அப்படியே திரும்பத் திரும்ப வரும். ஸ்கிரீனில் டிசைனைப் பிலிமில் எடுப்பது, அதை வைத்து ஸ்கிரீன் போடுவது என்று பெரிய செலவு முதலிலேயே முடிந்துவிடும். பிறகு பீஸுக்கு மையும் கூலியும் மட்டும். எந்த எண்ணிக்கையில் ஸ்கிரீன் மலிவாகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கீழே உள்ள விலைகளை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். 50 செ.மீ. அகல வினைல் ரோல் மீட்டர் 300 ரூபாய் என்று வைப்போம். டிசைன் 24 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். குறுக்கே இரண்டு, நீளவாக்கில் மூன்று, ஆக மீட்டருக்கு ஆறு. பீஸுக்கு வினைல் 50 ரூபாய். வெட்டி, உரித்து, அழுத்தும் கூலி 10 ரூபாய் சேர்த்தால் 60. ஸ்கிரீனுக்குப் பிலிமும் ஸ்கிரீனும் சேர்த்து ஒரு நிறத்துக்கு 500 ரூபாய், அச்சடிக்கப் பீஸுக்கு 15 ரூபாய் என்று வைப்போம். பீஸுக்கு வித்தியாசம் 45 ரூபாய். 500-ஐ 45-ஆல் வகுத்தால் பதினொன்றும் சொச்சமும். அதாவது பத்துப் பீஸுக்கு வினைல் 600, ஸ்கிரீன் 650. பன்னிரண்டுக்கு வினைல் 720, ஸ்கிரீன் 680. ஐம்பது பீஸ் என்றால் வினைல் 3,000, ஸ்கிரீன் 1,250.

இதில் டிசைனின் அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடும். புதிதாக வருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இடது மார்பில் 8 செ.மீ.க்கு 8 செ.மீ. லோகோ என்றால் அதே ஒரு மீட்டர் வினைலில் எழுபத்திரண்டு வந்துவிடும். பீஸுக்கு நான்கு ரூபாய்தான். பொருள் செலவில் வினைல் தோற்கவே தோற்காது. ஆனால் பணத்துக்குப் பதில் அங்கே நேரம் போகும். சின்ன எழுத்துகளை ஊசியால் உரிக்க லோகோவுக்கு ஐந்து நிமிடம், பிரஸில் வைத்து எடுக்க இரண்டு நிமிடம் என்றால் ஐம்பது பீஸுக்கு ஆறு மணி நேரம் ஆகிவிடும். உங்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு விலை போட்டு அதையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 2: நிறங்களை எண்ணுங்கள்

ஸ்கிரீனில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறம் என்றால் முதலீடு மூன்று மடங்கு, அதோடு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் பொருத்தும் வேலை. கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறத் துணியில் அடியில் ஒரு வெள்ளை அடிக்க வேண்டியிருக்கும், அதையும் ஒரு நிறமாகவே எண்ணுங்கள். வினைலில் இரண்டு அடுக்குவரை சரி. அதற்கு மேல் போனால் நெஞ்சில் அட்டை ஒட்டியதுபோலத் தடித்துவிடும்.

போட்டோவோ, நிறம் மெல்ல மெல்ல மாறும் படமோ வந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அதற்கு டிடிஎஃப் (டைரக்ட்-டு-ஃபிலிம்) இருக்கிறது: பிலிமில் வண்ணமும் வெள்ளையும் அச்சாகி, பசைப்பொடி தூவி, உருக்கித் தருவார்கள். மீட்டர் கணக்கில் அடித்து வாங்கி, உங்கள் ஹீட் பிரஸிலேயே அழுத்திக்கொள்ளலாம். உரிக்கும் வேலையும் இல்லை. டிடிஎஃப் பரவிய பிறகு வினைலின் இடம் கொஞ்சம் சுருங்கியிருப்பது உண்மை. ஆனாலும் பெயர், எண், மினுக்கு, இருட்டில் ஒளி திருப்பும் பட்டை, வெல்வெட் போன்ற ஃபிளாக் ஆகியவற்றுக்கு வினைல் இன்னும் தேவைதான்.

படி 3: துணியைத் தொட்டுப் பாருங்கள்

வாடிக்கையாளர் சொல்லும் துணிப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். டி-ஷர்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பருத்தி ரவுண்ட் நெக் என்றால் இரண்டு முறையும் நன்றாக ஏறும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பயோ வாஷ் செய்த (என்சைமில் அலசி மேல் பிசிறு நீக்கிய) துணி ஆரம்பிப்பவருக்கு நல்ல தேர்வு. மேலே பிசிறு குறைவாக இருப்பதால் அச்சு தெளிவாக விழும். துணி சுருங்குமா என்பதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி வைப்பது) ஒழுங்காகச் செய்யாத பருத்தி முதல் துவையலில் சுருங்கும். துணி சுருங்கும், வினைல் சுருங்காது. எழுத்தைச் சுற்றித் துணி கொசுவம் வைத்ததுபோல் இழுத்துக்கொண்டு நிற்கும். பழி உங்கள் வேலைமீது விழும்.

பாலியெஸ்டர் ஜெர்சி வேறு மாதிரி. விளையாட்டு டீம்களுக்குப் போகும் டாட் நிட் துணியில் சிவப்பு, மெரூன் போன்ற நிறங்கள் சூடுபட்டால் துணியிலிருந்து கிளம்பி மேலே ஏறும். வெள்ளை எண்ணை அழுத்திக் கொடுத்த அன்று பளிச்சென்று இருக்கும், பிறகு மெல்ல ரோஸ் நிறமாகும். இதற்குச் சாயம் ஏறாமல் தடுக்கும் அடுக்குள்ள வினைலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், குறைந்த சூட்டில் ஒட்டும் வகையாக இருக்க வேண்டும். ஸ்கிரீனிலும் பாலியெஸ்டருக்கென்றே வரும் வெள்ளை மை உண்டு. அதிகச் சூட்டில் பாலியெஸ்டர் பளபளத்து பிரஸின் சதுரத் தடம் விழுந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நைலான், தண்ணீர் ஒட்டாத ரெயின்கோட் துணி ஆகியவற்றைத் தொடக்கத்தில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

பிளெய்ன் டி-ஷர்ட் வாங்கத் திருப்பூர் போகிறவர்கள் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தை மலிவாகப் பார்த்து மயங்குவது வழக்கம். சொந்தமாக விற்க அது சரி. ஆர்டருக்கு அது ஆபத்து. அதே நிறம், அதே துணி, எஸ் முதல் டபுள் எக்ஸெல் வரை அத்தனை சைஸும் அடுத்த வாரம் மறுபடி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சைஸ் வாரியாக ஸ்டாக் வைத்திருக்கும் யூனிட் ஒன்றைப் பிடித்து, ஒரே சாயத்தில் வந்த பீஸ்களாகக் கேளுங்கள். ஐம்பதுக்கு இரண்டு மூன்று பீஸ் கூடுதலாக எடுங்கள். பத்தாவது பீஸில் மை வழியத்தான் செய்யும்.

படி 4: எங்கே, யார், எப்படிப் போடப்போகிறார்கள்?

நம் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. மார்பு முழுக்க நிறைந்த வினைல் என்பது உடம்போடு ஒட்டிய பிளாஸ்டிக். காற்று போகாது, வியர்வை அடியில் தேங்கும். பாதயாத்திரைக்குப் பகல் முழுக்க நடப்பவர்களுக்கு அதைக் கொடுப்பது அவர்களை வதைப்பது. அவர்களுக்குத் தண்ணீர் சார்ந்த பிக்மென்ட் மையில் அடித்த ஸ்கிரீன் பிரிண்ட்தான் நல்லது. வெளிர்நிறத் துணியில் அது நூலுக்குள் இறங்கிவிடும், தடவினால் அச்சே தெரியாது. பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை துணிமேல் படலமாக நிற்கும். நிறம் அழுத்தமாக இருக்கும், ஆனால் பெரிய திட்டாக அடித்தால் அதுவும் புழுங்கும். பெரிய டிசைன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நடுவில் இடைவெளி விட்ட கோட்டோவியமாக மாற்றித் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

கபடி ஜெர்சி என்றால் பிடித்து இழுப்பார்கள். சாதாரண பிவிசி வினைல் அங்கே கீறிவிடும். இழுத்தால் நீளும் பியூ (பாலியூரித்தேன்) வினைல் கேளுங்கள்.

துவைப்பதையும் யோசிக்க வேண்டும். கல்லில் அடித்தும் பிரஷ் போட்டுத் தேய்த்தும் துவைக்கும் வீடுகள் நிறைய. வினைலின் ஓரத்தைக் கிளப்புவது பெரும்பாலும் அந்தப் பிரஷ்தான். தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டி நேராக மேலே போனால் வினைல் உருகிப் பெட்டியோடு போகும். ஒழுங்காகச் சூடேற்றிப் பதப்படுத்திய ஸ்கிரீன் பிரிண்ட் துவையலைத் தாங்கும், டி-ஷர்ட் நைந்து போகும்வரை கூட நிற்கும். பிளாஸ்டிசால் மட்டும் இஸ்திரிக்கு ஆகாது, இளகிவிடும்.

படி 5: தமிழ் எழுத்தைத் தயார் செய்யுங்கள்

ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிமுறைகளைப் பார்த்துத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கட்டிங் மெஷினோடு வரும் சாஃப்ட்வேரில் நேரடியாகத் தமிழ் அடித்தால், "கொ" என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிப்போவது உண்டு. டிசைனை கோரல்டிராவிலோ இன்க்ஸ்கேப்பிலோ செய்து, எழுத்தை வெறும் கோடாக மாற்றிய பிறகே மெஷினுக்கு அனுப்புங்கள். மாற்றியதும் பெரிதாக்கிப் பாருங்கள். "கி", "மீ" போன்றவற்றில் விசிறி எழுத்தின்மேல் ஏறும் இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் விட்டால் கத்தி அந்தக் குறுக்குக் கோட்டையும் வெட்டும், உரிக்கும்போது விசிறி தனியாகக் கழன்று வரும்.

அடுத்து புள்ளி. "நண்பர்கள்" என்ற ஒரு சொல்லில் மூன்று புள்ளி. எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் கவலை இல்லை. அரை அங்குலத்துக்குக் கீழே இறங்கும்போது புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உரிக்கையில் சுற்றியுள்ள வினைலோடு சேர்ந்து போய்விடும், போனது தெரியவும் தெரியாது. அழுத்திய பிறகு "நணபரகள" என்று நிற்கும். வினைலுக்குப் புள்ளி குறைந்தது 2 மி.மீ., கோட்டுத் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கட்டும். தேவைப்பட்டால் புள்ளிகளை மட்டும் தனியாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. உரித்து முடித்ததும் டிசைனில் எத்தனை புள்ளி, தாளில் எத்தனை புள்ளி என்று எண்ணிவிட்டே பிரஸுக்குப் போங்கள்.

ஸ்கிரீனில் புள்ளி போகாது, அங்கே தொல்லை நேரெதிர். "ஞ", "ணை", "ஜ" போன்றவற்றின் உள் இடைவெளிகள் மையால் அடைந்துபோகும். சன்னமான வலையும் குறைந்த அழுத்தமும் அதற்கு மருந்து. சின்ன எழுத்தில் நான்கைந்து வரி, தொலைபேசி எண், குழு உறுப்பினர் பட்டியல் என்று வந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வினைலைத் தவிர்ப்பேன். அவ்வளவு புள்ளிகளை உரித்து எடுப்பது கண்ணுக்கும் கைக்கும் கேடு.

வினைல் வேலை: வரிசையாக

டிசைனைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் திருப்புங்கள். தாங்கு தாள் கீழே, மங்கலான பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மெஷினில் வையுங்கள். ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெட்டிப் பாருங்கள். வினைல் முழுக்க வெட்டுப்பட்டு, தாங்கு தாளில் லேசான தடம் மட்டும் தெரிய வேண்டும். தாளும் அறுந்தால் கத்தியின் நீளத்தைக் குறையுங்கள். சாதாரண வினைலுக்கு 45 டிகிரிக் கத்தி, மினுக்கு, ஃபிளாக் போன்ற தடித்த வகைகளுக்கு 60 டிகிரி.

ஹீட் பிரஸை 150 முதல் 160 டிகிரி செல்சியஸில் வைத்து, வெறும் டி-ஷர்ட்டை மூன்று நான்கு விநாடி அழுத்துங்கள். ஈரமும் சுருக்கமும் போகும். மழைக்காலத்தில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. காலர், பட்டன், தையல் முடிச்சு எதுவும் தட்டின்மேல் ஏறாதபடி வெளியே தள்ளுங்கள். ஒரு தையல் கிளம்பியிருந்தால்கூட அதைச் சுற்றி அழுத்தம் விழாது. வினைலை வைத்து, மேலே டெஃப்லான் தாள் (சூட்டில் ஒட்டாத தாள்) போட்டு, 10 முதல் 15 விநாடி. சிலவற்றைச் சூட்டோடு உரிக்க வேண்டும், சிலவற்றை ஆறவிட்டு. இதையும் சரியான சூட்டையும் ரோலோடு வரும் குறிப்பில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உரிக்கும்போது ஓரம் கிளம்பினால் இழுக்காமல் மறுபடி அழுத்துங்கள். கடைசியாக டெஃப்லான் போட்டு இன்னொரு சிறு அழுத்தம். துணியின் நெசவு வினைல்மேல் லேசாகத் தெரிந்தால் நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டு இஸ்திரிப்பெட்டியில் பழகலாம், விற்கக்கூடாது. சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஹீட் பிரஸுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற வயரிங்கும் வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது தீ விபத்தில் கொண்டுபோய் விடும்.

ஸ்கிரீன் வேலை: வெளியே கொடுத்தாலும் தெரிந்திருக்க வேண்டியவை

தொடக்கத்தில் ஸ்கிரீனை நீங்களே அடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அச்சடிக்கும் யூனிட்டில் கொடுத்து வாங்குங்கள். திருப்பூரில் பெரும்பாலும் தைப்பதற்கு முன் வெட்டிய துண்டுகளில்தான் அடிப்பார்கள், தைத்து முடித்த டி-ஷர்ட்டில் அடிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் குறைந்தபட்ச எண்ணிக்கையும் உண்டு. இருந்தாலும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் வரும் சரக்கு சரியா என்று சொல்ல முடியும்.

டிசைனைப் பிலிமில் அடர்கறுப்பாக எடுப்பார்கள். ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனை மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் வலையில் பூசிக் காயவைப்பார்கள். பிலிமை வைத்து ஒளி காட்டினால் கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும், தண்ணீர் பீய்ச்சினால் கரைந்து வழிவிடும். கறுப்புத் துணியில் வெள்ளை அடிக்க 43 டி (சென்டிமீட்டருக்கு 43 இழை) வலை, நுணுக்கமான எழுத்துக்கு 77 டி. எண் கூடக்கூட வலை சன்னம், மை குறைவாக இறங்கும்.

வலை துணியில் படியாமல் 2, 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும், இரண்டு நாணயம் அடுக்கிய உயரம். ஸ்க்யூஜி போகும் இடத்தில் மட்டும் தொட்டு, உடனே விலக வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கலங்கும். தண்ணீர் சார்ந்த மையில் அடிக்கும்போது தலைக்கு மேலே ஃபேன் ஓடக்கூடாது. சித்திரை வெயிலில் இரண்டு பீஸ் இடைவெளிக்குள் மை வலையிலேயே காய்ந்து கண் அடைத்துவிடும். ஒவ்வொரு முறை அடித்ததும் வலைமேல் மெல்லிய படலமாக மையை இழுத்து வைப்பது அதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கியூரிங், அதாவது மையைச் சூடேற்றிப் பதப்படுத்துவது. ஸ்கிரீன் பிரிண்டில் வரும் புகாரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. பிளாஸ்டிசால் காற்றில் காயவே காயாது. மேலிருந்து அடிவரை மை முழுவதும் சுமார் 160 டிகிரி தொட்டாக வேண்டும். மேற்பரப்பு மட்டும் சூடானால் விரலில் ஒட்டாது, சரியாகிவிட்டதுபோல் தோன்றும், மூன்றாவது துவையலில் உதிரும். பிக்மென்ட் மை காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீர்தான் போயிருக்கிறது, நிறத்தைத் துணியோடு பிணைக்கும் அதன் பைண்டர் பிடிக்கச் சூடு தனியாகக் காட்ட வேண்டும். சரக்கு வாங்கும்போது ஒரு பீஸை இரு கையாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். அச்சு துணியோடு நீண்டு திரும்ப வேண்டும். விரிசல் விட்டுத் துணி தெரிந்தால் அந்த லாட்டைத் திருப்பி கியூரிங்குக்கு அனுப்புங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பிறகு ஒருநாள் நீங்களே ஸ்கிரீன் போடத் தொடங்கினால், எமல்ஷனில் கலக்க மலிவாகக் கிடைக்கும் பைக்ரோமேட் பொடியைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. வெறுங்கையால் அதைக் கலப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. டயஸோ கலந்த எமல்ஷனோ, அப்படியே பூசும் போட்டோபாலிமர் எமல்ஷனோ வாங்குங்கள், கையுறை போடுங்கள். ஸ்கிரீன் கழுவும் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள், மிச்ச மையை முதலில் வழித்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள். நொய்யல் ஆறு கெட்ட கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. நம் வேலை சிறியதாக இருக்கலாம், கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இரண்டையும் கலந்து செய்வது

வந்த ஆர்டரை ஒரே முறையில்தான் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரித் துறைக்கு நூற்றைம்பது டி-ஷர்ட், முன்னால் எல்லோருக்கும் ஒரே சின்னம், முதுகில் அவரவர் பெயர் என்றால், முன்பக்கம் ஸ்கிரீனுக்குக் கொடுத்து, பெயரை வீட்டில் வினைலில் போடுங்கள். இந்தச் சேர்க்கையில்தான் நல்ல லாபமும் இருக்கிறது. முன்பக்கம் பிளாஸ்டிசாலாக இருந்தால் பெயரை அழுத்தும்போது அது இளகி எதிர்ப் பக்கத்தில் ஒட்டலாம். டி-ஷர்ட்டுக்குள்ளே டெஃப்லான் தாள் ஒன்று, முன்பக்க அச்சுக்கும் பிரஸ் தட்டுக்கும் நடுவே ஒன்று வைத்துவிடுங்கள். ஸ்கிரீன் அச்சின் மேலேயே வினைலை ஒட்டாதீர்கள், பிடிப்பு நிற்காது.

முதலில் எதை வாங்குவது?

38 செ.மீ.க்கு 38 செ.மீ. தட்டுள்ள ஹீட் பிரஸ் ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். வினைல், டிடிஎஃப் எது வந்தாலும் இது வேண்டும். அடுத்து சின்ன கட்டிங் மெஷின். வினைலில் முதலில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு போதும். மினுக்கு ரோலெல்லாம் ஆர்டர் வந்த பிறகு மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். ஸ்கிரீன் சாமான்களை, ஒரே டிசைன் முப்பது நாற்பது பீஸ் என்ற ஆர்டர் மாதம் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு யோசியுங்கள்.

ஆர்டர் உறுதியானதும் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். பெயர், எண், சைஸ் பட்டியலை வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்கி, எழுத்துப்பிழையை அவர்களையே பார்த்து ஒப்புதல் சொல்ல வையுங்கள். மாதிரி ஒன்று செய்து, ஒருநாள் விட்டு, நீங்களே ஐந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகு மீதியைத் தொடங்குங்கள். அவசரம் என்று வாடிக்கையாளர் எவ்வளவு நெருக்கினாலும் புதுத் துணி, புது வினைல், புது யூனிட் என்று எது மாறினாலும் இந்த மாதிரித் துவையலை விட்டுவிடாதீர்கள்.

டெலிவரி கொடுக்கும்போது ஒவ்வொரு பீஸோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: "முதல் 24 மணி நேரம் துவைக்க வேண்டாம். உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்கவும். அச்சின்மேல் பிரஷ் போட வேண்டாம். நிழலில் உலர்த்தவும். இஸ்திரி உட்புறமாக மட்டும்." சீட்டை வீட்டில் துவைப்பவர் படிக்க வேண்டும் என்பதால் பெரிய எழுத்தில், தமிழில் அடியுங்கள்.